போவிஸ் கோட்டை: ‘முதலாம் ஏர்ல்’ எப்படி மூன்று பேர்?

ஏடுதேடி:
வேல்ஸில் வெல்ஷ்பூலை ஒட்டிய போவிஸ் கோட்டையின் உரிமையாளர் வரிசையைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். 1587இல் வாங்கியவர் ஹெர்பர்ட். 1952இல் இறந்த கடைசிச் சொந்தக்காரரும் ஹெர்பர்ட். நடுவில் 1674, 1748, 1804 என மூன்று ‘முதலாம் போவிஸ் ஏர்ல்’ வருகிறார்கள் (ஏர்ல் என்பது பிரபுப் பட்டம்). ஒரே வம்சம்தானா? திப்பு சுல்தானின் கூடாரம் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தது?

பட்டாக்காரன்:
நேர்வாரிசு இரண்டு முறை அறுந்து, பட்டமும் அத்தனை முறை புதிதாகக் கொடுக்கப்பட்டது. அதனால்தான் மூன்று.

1587இல் எட்வர்ட் ஹெர்பர்ட் கிரே குடும்பத்திடமிருந்து கோட்டையை வாங்கினார். அவர் வழிவந்த வில்லியம் 1674இல் ஏர்ல், 1687இல் அதற்கும் மேலான மார்க்வெஸ். கத்தோலிக்கர், மன்னர் இரண்டாம் ஜேம்ஸின் ஆள். 1688இல் அரியணை இழந்த மன்னரோடு பிரான்சுக்குப் போக, எஸ்டேட் பறிபோனது. புதிய மன்னர் மூன்றாம் வில்லியம் அதை ரோச்ஃபோர்ட் ஏர்லிடம் கொடுத்தார். 1722இல்தான் மார்க்வெஸ் வில்லியமின் மகனுக்குத் திரும்பக் கிடைத்தது. இந்த இடைவெளியைப் பல பட்டியல்கள் விட்டுவிடுகின்றன.

1748இல் மூன்றாம் மார்க்வெஸ் மணமாகாமல் இறந்ததும் சொத்து தூரத்து உறவான ஹென்றி ஆர்தர் ஹெர்பர்ட்டுக்குப் போனது. அதே ஆண்டு அவருக்கு ஏர்ல் பட்டம். மூன்றாம் மார்க்வெஸின் தம்பி மகள் பார்பராவையே 1751இல் மணந்து பிடியை இறுக்கிக்கொண்டார். விவரமான ஆள்.

அவர் மகன் ஜார்ஜும் 1801இல் வாரிசில்லாமல் இறந்தார். சகோதரி ஹென்ரியட்டாவின் கணவர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். 1804இல் பட்டம் கிடைத்தது இந்த எட்வர்டுக்கு. ஆனால் ஜார்ஜ் எஸ்டேட்டை எழுதிவைத்தது மருமகனுக்கு, அதாவது எட்வர்டின் மகனுக்கு. ஹெர்பர்ட் என்று பெயர் மாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1807இல் மாற்றிக்கொண்டார். ஆகவே பட்டத்துக்கும் நிலத்துக்கும் தனித்தனி வரிசை போடுங்கள். ஒன்றாகப் போட்டால் 1801க்குப் பிறகு குழம்பும்.

மதராஸ்வாசி:
கூடாரம் பற்றி: ராபர்ட் கிளைவ் இறந்தது 1774, திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது 1799 மே 4. எனவே திப்பு பொருட்களை அவர் கணக்கில் எழுத வழியில்லை. 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னராக இருந்த மகன் எட்வர்டின் காலத்து வரவு அவை. 1799 அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டதும் இதே கவர்னர் ஆட்சியில்தான். திப்புவின் கூடாரம் அச்சுப்பூ வேலை செய்த பருத்தித் துணியால் ஆனது. பிற்பாடு எஸ்டேட் விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள்! அதோடு திப்புவின் சிம்மாசனத்திலிருந்த, கல் பதித்த தங்கப் புலித்தலை ஒன்றும் அங்கே இருக்கிறது.

ஏடுதேடி:
நன்றி. மூல ஆவணம் எங்கே? 1952க்குப் பிறகு முழு எஸ்டேட்டும் நேஷனல் டிரஸ்டுக்கா (பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளை)?

பட்டாக்காரன்:
எஸ்டேட் பத்திரங்கள் அபெரிஸ்ட்வித்தில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகத்தில். ‘ஹெர்பர்ட்’ என்று தேடினால் அந்தப் பெயருள்ள பெம்ப்ரோக், சிர்பரி கிளைகளும் சேர்ந்து கொட்டும். ஊர், பண்ணைப் பெயரை வைத்துத் தேடுங்கள். 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. பத்திரத்தில் 1721 பிப்ரவரி என்றிருந்தால் நம் கணக்கில் 1722.

டிரஸ்டுக்குப் போனது கோட்டையும் தோட்டமும் மட்டுமே. 1952இல் இறந்த நான்காம் ஏர்லின் மகன்கள் ஒருவர் 1916இலும் மற்றவர் 1943இலும் போரில் இறந்துவிட்டார்கள். பட்டம் ஒன்றுவிட்ட உறவுக்குச் சென்றது. சுற்றியுள்ள விளைநிலம் குடும்பத்திடமே நின்றது. எனவே 1952க்குக் கீழே இரண்டு கிளை வரையுங்கள்.