டாக் டாக்கின் கடைசி இரண்டு ஆல்பங்கள்: உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தன?

ஈரக்குடை:

ஃபிரிட்ஜிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிழக்கு லண்டனில் நான் முதலில் குடியிருந்த ஒற்றை அறையில், கட்டிலுக்கு நாலடி தள்ளி ஒரு பழைய ஃபிரிட்ஜ் நின்றது. அரைமணிக்கு ஒருதரம் உறுமும், பிறகு உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி அடங்கும். அந்த அறையில்தான் 2006இல், அறக்கட்டளைக் கடை ஒன்றில் ஒரு பவுண்டுக்கு வாங்கிய, டாக் டாக் என்ற ஆங்கிலேயக் குழுவின் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ சிடியைப் போட்டேன்.

டாக் டாக் என்றால் எனக்கு அப்போது ‘இட்ஸ் மை லைஃப்’ மட்டும்தான். அதுவும் 2003இல் நோ டவுட் என்ற குழு பாடியதைக் கேட்டுவிட்டு, மூலப் பாடல் 1984இல் வந்தது என்று தெரிந்து பின்னால் போனவன். சிந்தசைசர், துள்ளுகிற பேஸ், கோட்டு போட்ட பையன்கள். டுரன் டுரன் குழுவுக்கு முன்னால் மேடையேறி வாசித்தவர்கள், முதல் ஆல்பத்துக்கு அவர்களுடைய தயாரிப்பாளரையே வைத்துக்கொண்டவர்கள், பேரில்கூட அதே இரட்டைக் கிளவி. அந்தக் குழு 1988இல் போட்ட ஆல்பம், அட்டையில் சிப்பியும் பறவையும் தொங்கும் ஒரு மரம். சரி, அதே பாப் கொஞ்சம் பசுமையாக இருக்கும் போல என்று நினைத்தேன்.

ஒன்றுமே கேட்கவில்லை. சிடியை எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டேன். உற்றுக் கேட்டால் எங்கோ தூரத்தில் ஒரு ட்ரம்பெட், வயலின் மாதிரி ஏதோ இழுபடுகிறது, யாரோ பக்கத்து அறையில் நாற்காலி நகர்த்துவது போல ஒரு முனகல். அதற்கு மேல் ஃபிரிட்ஜ். கடுப்பில் வால்யூமை நன்றாக ஏற்றி வைத்தேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் போன பிறகுதான் கிட்டார் வந்தது, அப்புறம் ஹார்மோனிகா. முதல் மூன்று பாடல்களும் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஓடும். மூன்றாவதான ‘டிசையர்’ முணுமுணுத்துக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். கிளம்பியது. பக்கத்து அறைக்காரர் சுவரில் மூன்று குத்து விட்டார். சிடி பெட்டிக்குள் போய்விட்டது.

2019 பிப்ரவரியில் டாக் டாக்கின் பாடகர் மார்க் ஹோலிஸ் 64 வயதில் இறந்த செய்தி வந்தது. மனைவியும் குழந்தையும் தூங்கியிருந்தார்கள். இப்போதைய வீட்டில் ஃபிரிட்ஜ் சமையலறையில், நடுவில் ஒரு கதவு. கதவைச் சாத்திவிட்டு அதே சிடியைப் போட்டேன். பதின்மூன்று வருஷம் முன்னால் ‘ஒன்றுமில்லை’ என்று நினைத்த அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு கூட்டமே இருந்தது. வில் நரம்பைத் தொடுவதற்கு முன் வரும் உரசல், ட்ரம்பெட்காரர் ஊதி முடித்த பிறகு மிச்சமிருக்கும் மூச்சு. எல்லாம் அளந்து வைத்தவை. நான் கேட்டது பாடலை அல்ல, என் அறையை என்று அன்றுதான் உறைத்தது.

உங்களுக்கு எப்படி? முதல் தடவையே பிடித்தவர் யாராவது உண்டா?

பழைய கேசட்:

நான் 1986இல் இங்கே படிக்க வந்தவன். அதனால் நீங்கள் எல்லோரும் பின்னாலிருந்து போன பாதையில் நான் முன்னாலிருந்து போனேன். ‘ஈடன்’னுக்கு முந்தைய ஆல்பமான ‘த கலர் ஆஃப் ஸ்பிரிங்’ எல்பியாக வாங்கியது, இன்னும் இருக்கிறது. ஸ்டீவ் வின்வுட் ஆர்கன் வாசித்திருப்பார். பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை போன ஆல்பம். அந்த வருஷம் டிஸ்கோவில் ‘லைஃப்ஸ் வாட் யூ மேக் இட்’டின் அந்தப் பியானோ அடி வந்தாலே கூட்டம் நடுவுக்கு ஓடும்.

இரண்டு வருஷம் கழித்து அடுத்தது வந்த வாரமே, உதவித்தொகையில் பிடித்துவைத்த காசைக் கொண்டுபோய் வாங்கினேன். நாலு பேர் பங்கிட்டுக் குடியிருந்த வீடு. எல்லோரையும் உட்காரவைத்து ஊசியை இறக்கினேன். ஐந்து நிமிடம் கழித்து ஒருவன் கேட்டான்: “இன்னும் சுருதிதான் சேர்க்கிறார்களா?” வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் எரிச்சல் எனக்கு ஹோலிஸ் மேல்தான். காசைத் திருப்பிக் கேட்கலாமா என்றுகூட நினைத்தேன்.

ஆறே பாடல், ஆகமொத்தம் நாற்பத்தோரு நிமிடம், வானொலியில் போட ஒன்றுகூட இல்லை. பத்தொன்பதாம் இடம் வரை வந்து இறங்கிவிட்டது. மேடைக் கச்சேரியும் கிடையாது, 1986க்குப் பிறகு அவர்கள் மேடையே ஏறவில்லை. அவர்களுடைய ஆல்பங்களை வெளியிட்ட இஎம்ஐ நிறுவனத்துக்கும் குழுவுக்கும் ஒப்பந்தத்தை நீட்டிப்பது பற்றி வழக்கு நடந்து, மேல்முறையீட்டில் குழு ஜெயித்து வெளியே வந்தது. 1990இல் இஎம்ஐ பழைய பாடல்களைத் தொகுத்து ‘நேச்சுரல் ஹிஸ்டரி’ என்று விட்டது. அது மூன்றாம் இடம்! அவர்கள் உயிரைக் கொடுத்துச் செய்தது பத்தொன்பது, செய்யாமல் சும்மா இருந்தபோது மூன்று. அடுத்த வருஷம் அவர்களைக் கேட்காமலே ரீமிக்ஸ் ஆல்பம் ஒன்றும் வந்தது, அதற்கும் வழக்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் இன்றைய பாராட்டுக்காரர்களோடு எனக்கு ஒத்துவராது. பாப் குழுவாக இருந்தவர்கள் திடீரென்று ஞானம் பெற்றார்கள் என்று எழுதுகிறார்கள். திடீர் எல்லாம் இல்லை. ‘கலர் ஆஃப் ஸ்பிரிங்’கைத் திருப்பிப் போட்டுக் கேளுங்கள், ‘ஏப்ரல் ஃபிப்த்’, ‘கேமிலியன் டே’ இரண்டிலும் எல்லாம் தொடங்கியாயிற்று. நாங்கள்தான் அந்த இரண்டு பாடல் வரும்போது தேநீர் போட எழுந்துபோவோம்.

கன்சோல்காரன்:

தொழில்முறையில் ஒலிப்பதிவு எனக்குச் சோறு போடுகிறது, அதனால் நான் நீளமாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ ஆல்பத்தை முதலில் கேட்டபோது, பத்துப் பதினைந்து பேர் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்ததாகத்தான் நம்பினேன். டேனி தாம்சனின் டபுள் பேஸ், ஹென்றி லோதரின் ட்ரம்பெட், மார்க் ஃபெல்தமின் ஹார்மோனிகா, நைஜல் கென்னடியின் வயலின். கென்னடி அதற்கடுத்த வருஷம்தான் விவால்டி வாசித்து உலகப் பிரபலம் ஆனார். அப்படி ஒருவருக்கொருவர் இடம் விட்டு வாசிக்கிறார்கள்!

அப்படியெல்லாம் நடக்கவே இல்லை. 1987, 88இல் லண்டன் வெசெக்ஸ் ஸ்டுடியோவில் மாதக்கணக்காக வேலை நடந்தது. ஹோலிஸும் தயாரிப்பாளர் டிம் ஃப்ரீஸ்-கிரீனும் ஒலிப்பதிவாளர் ஃபில் பிரவுனும். அறையை இருட்டாக்கிவிட்டு, எண்ணெய்ச் சக்கர ப்ரொஜெக்டர் ஒன்று சுவரில் வண்ணம் குழைத்துக்கொண்டிருக்கும். வெளிக் கலைஞர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள். நொட்டேஷன் கிடையாது. ‘தோன்றியதை வாசியுங்கள்’. மணிக்கணக்கில் வாசித்ததில் சில நொடிகளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடுவார்கள். வைத்துக்கொண்ட துண்டையும் அது வாசிக்கப்பட்ட இடத்தில் வைப்பதில்லை, வேறெங்கோ கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். டிஜிட்டல் பதிவு வந்திருந்ததால்தான் அது முடிந்தது. அந்த ட்ரம்பெட் பதில் சொல்கிறதே ஒரு கிட்டாருக்கு, அந்த ட்ரம்பெட்காரர் அந்தக் கிட்டாரை அப்போது கேட்டே இருக்க மாட்டார்.

எண்பதுகளில் ‘பார்த்துப் பார்த்துச் செய்த’ ஆல்பம் என்றால் வேறு அர்த்தம். ட்ரம்ஸ் மெஷினை மில்லி செகண்டுக்கு இழைத்து, ஸ்நேர் ட்ரம் மேல் எதிரொலியைக் கொட்டி, பளிங்குத் தரை மாதிரி மெழுகி வைப்பது. இவர்கள் அதே பொறுமையை, அதே ஸ்டுடியோ மணிநேரத்தை, அழிப்பதற்குச் செலவழித்தார்கள். மெழுகின தடமே தெரியக்கூடாது என்பதற்கு மெழுகியிருக்கிறார்கள். என் கணக்கில் அந்தப் பத்து வருஷத்தின் மிகச் சிக்கலான பாப் தயாரிப்பு இதுதான். ஆனால் ஏதோ தற்செயலாக நடந்தது மாதிரி கேட்கும்.

இதில் என் அசட்டுத்தனம் ஒன்று. லீ ஹாரிஸின் ட்ரம்ஸைப் பக்கத்தில் மைக்குகளை நட்டு எடுக்காமல், தள்ளி வைத்து அறையோடு சேர்த்து எடுத்திருக்கிறார் பிரவுன். அதனால் குச்சி தோலில் படுவதோடு காற்று நகர்வதும் கேட்கும். அதைப் படித்துவிட்டு நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு கல்யாண பேண்டின் பதிவில் முயன்றேன். எட்டு மைக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு மைக், அறையின் எதிர் மூலையில். வந்தது என்ன தெரியுமா? ஏசி, லிஃப்ட், கீழே பார்க்கிங்கில் ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுக்கும் பாட்டு, இவற்றுக்கு நடுவே எங்கோ ஒரு ட்ரம்ஸ். முதலாளி கேட்டுவிட்டு, “தம்பி, மைக்கை வெளியே தெருவில வெச்சியா?” என்றார். அன்று ராத்திரி பத்து மணிவரை எட்டு மைக்கையும் திரும்ப மாட்டினேன். அந்த ஒற்றை மைக்குக்கு அறையும் வேண்டும், அடிக்கிறவர் கையும் வேண்டும், மாதக்கணக்கில் அவகாசமும் வேண்டும். கல்யாண பேண்டுக்கு மூன்றும் இல்லை.

சும்மா கேட்பவள்:

மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் தூங்கினேன். நல்ல தூக்கம், குறை சொல்லமாட்டேன்.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இப்போது எல்லோரும் போஸ்ட்-ராக்குக்கு (பாட்டைவிட ஒலிச்சூழலை முன்வைக்கும் ராக் வகை) இதுதான் தாய், தகப்பன் என்கிறார்கள். அதனால் பிடிக்கவில்லை என்று சொன்னால் நமக்குத்தான் காது சரியில்லை என்று ஆகிவிடுகிறது. ஹோலிஸ் பாடுவதில் பாதி வார்த்தை எனக்குப் புரியவில்லை, பல்லுக்கு நடுவே ஏதோ வைத்துக்கொண்டு பாடுகிறார். ‘சச் எ ஷேம்’ என்ற பழைய பாப் பாட்டைப் பாடிய அதே தொண்டை! அதில் ஒவ்வொரு எழுத்தும் கேட்குமே. திறமை இருந்தும் ஒளித்துவைப்பதற்கு ஏன் கைதட்ட வேண்டும்?

கன்சோல்காரன் அண்ணா சொன்ன அந்த ‘அழித்தார்கள்’ கதை சுவாரசியம்தான். ஆனால் கதை நன்றாக இருப்பதும் பாட்டு நன்றாக இருப்பதும் ஒன்றா?

மணல்கடிகை:

தங்கச்சி, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

என் அண்ணன் குடித்தே போனவர். போவதற்கு முந்தைய இரண்டு வருஷம் டொராண்டோவில் என் வீட்டில்தான் இருந்தார். மறுவாழ்வு மையத்துக்கு வாரம் மூன்று நாள் கூட்டிக்கொண்டு போவேன், காரில் ஒன்றும் பேசிக்கொள்ளமாட்டோம். பேசினால் சண்டை. அதனால் பாட்டு. எண்பதுகள் பாடல் என்று ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது, அதில் எப்படியோ ‘ஈடன்’ ஆல்பத்தின் ‘ஐ பிலீவ் இன் யூ’ வந்துவிட்டது. பெயரைப் பார்த்துவிட்டுக் காதல் பாட்டு என்று விட்டுவிட்டேன். உறைபனி நாள், வைப்பரை நிறுத்திவிட்டு மையத்தின் வாசலில் காத்திருந்தோம். கடைசிப் பகுதியில் ஒரு தேவாலயப் பாடகர் குழு மெல்ல உள்ளே வரும், செம்ஸ்ஃபர்ட் பேராலயத்துக் குழு. வந்த சுவடு தெரியாமல் வரும். அண்ணன் கதவைத் திறக்கப் போனவர் கையை எடுத்துக்கொண்டு பாட்டு முடியும்வரை உட்கார்ந்திருந்தார். “இன்னொருக்கா போடு” என்றார். மையத்துக்குப் பத்து நிமிஷம் பிந்திப் போனோம், அங்கே ஏச்சு விழுந்தது.

அது ஹெராயினைப் பற்றிய பாட்டு என்று எனக்குப் பிறகுதான் தெரியும். ஹோலிஸை இசைக்குள் இழுத்துவந்தவர் அவருடைய அண்ணன் எட். அவரும் அந்தப் பழக்கத்தில் சிக்கியவர், ஆல்பம் வந்த அடுத்த வருஷம் இறந்துபோனார். என் அண்ணனுக்கு இது ஒன்றும் தெரியாது. ஆங்கில வரிகளும் அவருக்குப் பிடிபட்டிராது. அதனால் வார்த்தை கேட்கவில்லை என்ற குறை எங்களுக்கு வரவில்லை.

ஈரக்குடை:

மணல்கடிகை அண்ணா, இதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

கடைசி ஆல்பமான ‘லாஃபிங் ஸ்டாக்’ பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் இரண்டு வார்த்தை. 1991, பேஸ் வாசித்த பால் வெப் போய்விட்டார், வெளியிட்டது ஜாஸுக்குப் பேர்போன வெர்வ் நிறுவனம். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலோடு ஆரம்பிக்கும், வேறு எவராக இருந்தாலும் வெட்டி எறிந்திருக்கும் நொடிகள் அவை. ‘அசென்ஷன் டே’ உச்சத்தில் இருக்கும்போது கத்தரியால் வெட்டியது போல நின்றுபோகும், முதல் தடவை கேட்டபோது கரண்ட் போய்விட்டதென்று விளக்கைப் பார்த்தேன். ‘ஈடன்’ அளவுக்கு இது எனக்கு ஒட்டவில்லை. சில இடங்களில் அழிப்பதற்காகவே அழித்தது மாதிரி இருக்கிறது. ‘நியூ கிராஸ்’ மட்டும் விதிவிலக்கு: ஒன்பது நிமிடத்துக்கு மேல், ட்ரம்ஸ் ஒரே நடையில் போகிறது, அதன் மேல் வெயில் விழுந்து விலகுகிற மாதிரி கிட்டார். சும்மா கேட்பவள், நாலாவது தடவை முயல்வதாக இருந்தால் இதை மட்டும் போடுங்கள். பகலில்.

போன மாதம் வடக்கு லண்டனில் ஹைபரி பக்கம் ஒரு வேலையாகப் போனவன் வெசெக்ஸ் இருந்த கட்டடத்தைத் தேடிப் போனேன். முன்பு தேவாலயக் கூடம், அப்புறம் ஸ்டுடியோ, இப்போது குடியிருப்பு. படம் எடுத்துக்கொண்டிருந்தபோது காய்கறிப் பையோடு ஒரு பெரியவர் வந்தார். என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போல. “க்ளாஷா, செக்ஸ் பிஸ்டல்ஸா?” என்று கேட்டார். அந்தப் பங்க் குழுக்களும் அங்கேதான் பதிவு செய்தன. இல்லை, டாக் டாக் என்றேன். புருவத்தைச் சுருக்கினார். அப்புறம் பையைக் கீழே வைத்துவிட்டு ‘இட்ஸ் மை லைஃப்’பின் அந்த பேஸை வாயாலேயே வாசித்துக் காட்டினார், பாதியில் தப்பினார், மறுபடி ஆரம்பித்தார். “அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றும் போடவில்லை, இல்லையா?” என்றார்.

என்னிடம் ‘ஸ்பிரிட் ஆஃப் ஈடன்’ இரண்டாவது சிடி ஒன்று இருக்கிறது. பக்கத்தில் இருந்திருந்தால் அவருக்கே கொடுத்திருப்பேன். வேண்டுமென்கிறவர்கள் சொல்லுங்கள், தபாலில் அனுப்புகிறேன்.