உடன் சாக விடப்படாத நண்பன்: ஹொரேஷியோவை நாங்கள் வாசித்த அனுபவம்

ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் வரும் ஹொரேஷியோவைத் தேர்வுக் குறிப்பேடுகள் 'உண்மையான நண்பன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் ஞாயிறு மாலைகளில் கூடி நாடகங்களை வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் உண்டு. அங்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளும் அதே வரியைத்தான் சொன்னார்கள். அப்படி அவன் என்னதான் செய்தான் என்று கேட்டபோது ஒருவருக்கும் விடை தெரியவில்லை. ஆகவே, அவன் வரும் காட்சிகளை மட்டும் எடுத்து வரிசையாக வாசித்தோம்.

ஹாம்லெட்டின் இறந்துபோன தந்தையின் ஆவியைக் கண்டதாகக் காவலர்கள் சொன்னதை நம்பாமல் வந்தவன், தன் கண்ணால் கண்டதும் அதை ஒப்புக்கொண்டு, இளவரசனிடம் சொல்லியாக வேண்டும் என்று தானே முடிவு செய்கிறான். ஆவியின் பின்னால் போகாதே, அது உன்னைச் செங்குத்துப் பாறைக்கு இழுத்துச் சென்று சித்தம் கலங்கச் செய்துவிடலாம் என்று ஹாம்லெட்டைத் தடுக்கிறான். ரோசன்கிரான்ட்ஸும் கில்டன்ஸ்டர்னும்கூட ஹாம்லெட்டின் இளமைக்கால நண்பர்களே. ஆனால் அவனை உளவு பார்க்க, இப்போதைய அரசன் கிளாடியஸ் அழைத்து வந்தவர்கள், அதை நேரில் கேட்டபோது தயங்கி நின்றவர்கள்.

மூன்றாம் அங்கத்தில்தான் நாங்கள் வெகுநேரம் நின்றோம். இன்பத்தையும் துன்பத்தையும் ஒன்றுபோல் ஏற்பவன், உணர்ச்சிக்கு அடிமையாகாதவன் என்று ஹாம்லெட் அவனைப் புகழ்கிறான்; செல்வம் இல்லாத உன்னை முகத்துதி செய்து எனக்கு என்ன ஆகப்போகிறது என்றும் சொல்கிறான். பிறகு, தன் தந்தையைக் கொன்றவன் என்று ஆவி சொன்ன சிற்றப்பன் கிளாடியஸின் முகத்தை, அந்தக் கொலையைப் போன்ற ஒரு நாடகம் அரண்மனையில் நடக்கும்போது கவனிக்கச் சொல்கிறான். தன் கண் ஆத்திரத்தில் பிழையாகப் பார்த்துவிடலாம் என்று அஞ்சும் ஒருவன் இன்னொருவனின் கண்ணை இரவல் கேட்கிற இந்த இடமே, என் கருத்தில், அந்த நட்பின் அடித்தளம்.

அவன் ஆமாம் போடுகிறவனும் அல்லன். தன்னைக் கொல்லச் சொல்லி அரசன் கொடுத்தனுப்பிய கடிதத்தை மாற்றி எழுதி, அதைக் கொண்டு சென்ற அந்த இரு பழைய நண்பர்களையும் சாவுக்கு அனுப்பிய கதையை ஹாம்லெட் சொல்லும்போது, அப்படியானால் அவர்கள் சாகப் போகிறார்கள் என்ற அளவில் ஹொரேஷியோ நிறுத்திக்கொள்கிறான். உடனே ஹாம்லெட் தன் செயலுக்கு நியாயம் கற்பிக்கத் தொடங்குகிறான். அந்தச் சுருக்கமான பேச்சில் ஒரு கண்டிப்பு இருப்பதாகவே நான் கொள்கிறேன்.

1939 முதல் கம்பன் விழா நடந்துவரும் ஊர் எங்களுடையது. கும்பகருணனா வீடணனா என்ற வழக்காடலைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அதனால் ஒரு மாணவர், "ஐயா, கும்பகருணன் செத்தான், கர்ணன் செத்தான், இவன் கடைசியில் உயிரோடுதானே இருக்கிறான்?" என்று கேட்டது எனக்கு வியப்பளிக்கவில்லை. உண்மையில், நஞ்சு தோய்ந்த வாளால் காயப்பட்டு ஹாம்லெட் சாகும் கடைசிக் காட்சியில், கோப்பையில் எஞ்சிய நஞ்சைக் குடித்துச் சாக ஹொரேஷியோ துணிகிறான். உயிர் பிரியும் நிலையிலும் அந்தக் கோப்பையைப் பிடுங்குபவன் ஹாம்லெட். என் கதையைச் சொல்வதற்காக இந்தக் கொடிய உலகில் சிறிது காலம் இரு என்று கேட்டுக்கொள்கிறான்.

அப்போது எங்களோடு இருந்த தமிழாசிரியர் கபிலரை நினைவூட்டினார். எங்களுக்கு அருகே, சிங்கம்புணரிப் பக்கத்தில் இருக்கும் பிரான்மலைதான் பாரியின் பறம்பு. பாரி இறந்தபின் அவன் மகளிரை உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர்விட முனைந்து வடக்கிருந்த கபிலர், என்னை உடன் வரவிடாமல் இங்கேயே இரு என்று சொல்லிவிட்டாயே, நம் நட்புக்கு அது பொருந்துமா என்று இறந்தவனோடு வழக்காடும் பாடல் புறநானூற்றில் 236ஆம் பாடலாக உள்ளது. அதை அவர் சொல்லி முடித்ததும் பிள்ளைகளுக்கு ஹொரேஷியோவின் வலி புரிந்தது. கபிலருக்கு வாய்த்த அந்தப் புலம்பல் அவனுக்கு நாடகத்தில் வாய்க்கவில்லை. கபிலர் மகளிரைக் காக்க இருந்தார், இவன் ஒரு பெயரைக் காக்க இருக்கிறான்.

அந்தப் பெயரை அவன் எப்படிக் காக்கிறான் என்பதையும் பார்க்க வேண்டும். நார்வே இளவரசன் ஃபோர்டின்பிராஸ் வந்து சேருமுன், இனிய இளவரசே, உறங்கு என்று அன்போடு விடைகொடுக்கிறான். ஃபோர்டின்பிராஸின் முன்னிலையிலோ உடல்களை எல்லோரும் காணும்படி மேடையில் வைக்கச் சொல்லி, இயற்கைக்கு மாறான கொடுமைகளையும் தற்செயலான கொலைகளையும் செய்தவர் தலையிலேயே விடிந்த சூழ்ச்சிகளையும் உள்ளபடி சொல்லப்போவதாக அறிவிக்கிறான். அதில் தன் நண்பனை உயர்த்தும் சொல் ஒன்றுகூட இல்லை.