மறுமொழி: மாபிள் கல்லறைக் கல் மணிமணியாகக் கொட்டுவதற்கு ‘குறுணலுதிர்வு’ சரிவருமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

மாபிள் கல்லறைக் கல் மணிமணியாகக் கொட்டுவதற்குத் தமிழில் என்ன சொல் என்று நான் கேட்டதற்கு இரண்டு நாளிலேயே பரிந்துரைகள் வந்ததில் மிகுந்த மகிழ்ச்சி. ஆங்கிலத்தில் இதைச் ‘சுகரிங்’ என்கிறார்கள். பழைய மாபிளின் மேற்பரப்பு பிடி தளர்ந்து, தடவினால் மணிமணியாகக் கையில் ஒட்டுகிற நிலை. ‘சர்க்கரையாதல்’, ‘படிகவுதிர்வு’ என்று இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல முன், இந்தச் சொல் எனக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று சொல்லிவிடுகிறேன்.

முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் சேமக்காலையில் (கிறிஸ்தவ மயானத்தில்), நவம்பர் 2 இறந்தோர் நினைவு நாளுக்கு முந்திய கிழமை முழுக்கக் கல்லறை கழுவுவார்கள். பெரும்பாலும் சீமெந்துக் கல்லறைகள்; தலைமாட்டில் சின்னதாய் ஒரு மாபிள் பலகை பதித்திருக்கும். போன வருடம் ஒரு தம்பி தன் அப்பப்பாவின் பலகையில் தேசிக்காயை (எலுமிச்சையை)ப் பிழிந்து தேய்த்துக்கொண்டு நின்றான். நுரை பொங்கியது. “ஊத்தை கழருது, பாருங்கோ அண்ணை” என்றான். கழன்றது ஊத்தை இல்லை, கல். மாபிள் என்பது கல்சியம் காபனேற்று. தேசிக்காயோ வினாகிரியோ, எந்தப் புளிப்புப் பட்டாலும் கரைந்து காபனீரொட்சைட்டு வாயுவாகப் பொங்கும். கையைப் பிடித்து நிறுத்தி, விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். விரல்நுனி முழுக்க வெள்ளை மணிகள். பெயரின் கடைசி இரண்டு எழுத்துகளும் விரலுக்குத் தட்டுப்படவே இல்லை. “என்ன அண்ணை, சீனி மாதிரிக் கொட்டுது?” என்று கேட்டான்.

அப்போது சொல்ல என்னிடம் ஒரு பெயர் இல்லை. பெயர் தெரியாத வரைக்கும் அந்த வெள்ளையை எல்லோரும் ஊத்தை என்றுதான் நினைக்கிறார்கள். அதனால் இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள்.

புளி மட்டும் காரணமில்லை, வெயிலும்தான். மாபிளில் இருக்கும் கல்சைற்று மணி, அதாவது கல்சியம் காபனேற்றுப் படிகம், சூடேறும்போது ஒரு திசையில் நீளும், அதற்குக் குறுக்கே சுருங்கும். பக்கத்துப் பக்கத்து மணிகள் வேறு வேறு திசை பார்த்துக் கிடப்பதால் ஒன்றையொன்று நெம்பிக்கொள்ளும். வன்னி வெயிலில் பகலெல்லாம் காய்ந்து இரவில் ஆறுகிற கல்லில் இது வருடக்கணக்காக நடக்கிறது. பிடி விட்ட இடுக்குகளில் மழைத் தண்ணீர் இறங்கும். அந்த நிலையில் இருக்கிற கல்லில் புளி ஊற்றினால் எழுத்து மிஞ்சாது.

சரி, சொல்லுக்கு வருகிறேன். எங்களுக்குச் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுவது, மண்ணிறமானது. வெள்ளையாக மணிமணியாக இருப்பது சீனி. அப்படியென்றால் ‘சீனியாதல்’ என்று வைக்கலாமே, அந்தத் தம்பியின் வாயில் வந்ததும் அதுதானே என்று எனக்கும் முதலில் ஆசையாக இருந்தது. ஆனால் சீனி கரையும். கல்லில் வேறொரு வெள்ளையும் வரும்: உப்புப்பூத்தல். நிலத்திலிருந்தும் சீமெந்திலிருந்தும் ஏறுகிற உப்பு அது; பாசி போகட்டும் என்று குளோரின் ஊற்றினாலும் கல்லுக்குள் உப்பு மிஞ்சும். இந்த இரண்டையும் பிரித்தறிய நான் ஒரு சிட்டிகையை எடுத்துக் கிளாஸ் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். உப்பு பெரும்பாலும் கரைந்துவிடும். கல்மணி அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். கரையாத ஒன்றுக்குச் சீனி என்று பேர் வைத்தால், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் போய்விடும் என்றுதான் ஆட்கள் நினைப்பார்கள்.

கிளாஸின் அடியில் அது உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் குறுணல் ஞாபகம் வந்தது. அரிசி களையும்போது சட்டியின் அடியில் தங்குமே, அதே தோற்றம். முழுசாக இருந்தது உடைந்து போனது என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நெல் விளைகிற இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேச்சில் “கல்லு குறுணல் விட்டிட்டுது” என்று சொல்லிக்கொள்ளலாம்; எழுத்தில் ‘குறுணலுதிர்வு’. தமிழகத்து நண்பர்களுக்குக் குருணை பழக்கம் என்றால் ‘குருணையுதிர்வு’ என்று எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை. படிகவுதிர்வு பாடப்புத்தகத்துக்குப் பொருந்தும். வாளியும் தும்புத் தூரிகையுமாக நிற்கிற ஆளுக்கு அது உதவாது.

தகடு தகடாகக் கழல்வது வேறு. அதற்குப் பொருக்கு என்ற சொல் இருக்கிறது, வற்றிய குளத்து மண்பொருக்கு போல. ‘பொருக்குதிர்வு’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

கல் கழுவுவதற்கு ‘நீர்ப்படை’ என்ற சொல்லை எடுக்கலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். தொல்காப்பியச் சொல், அழகான சொல். ஆனால் அங்கே அது போரில் விழுந்த வீரனுக்கு நடுகல் நடுகிற வரிசையில் வருவது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, அப்புறம்தான் நடுதல். நடுவதற்கு முன் புதுக்கல்லுக்கு ஒருமுறை செய்கிற சடங்கு அது. நாங்கள் கழுவுவது பல வருடம் நின்று தளர்ந்த கல்லை. அந்தச் சொல்லை நடுகல்லுக்கே விட்டுவிடுவோம். எங்களுக்கு ‘நனைத்துக் கழுவல்’ போதும்.

சேமக்காலை வாசலில் ஒட்ட ஒரு தாள் தயாரிக்கிறேன். அதில் இப்படி வரும்: “தடவிப் பாருங்கள். குறுணல் விட்ட கல்லில் தூரிகை வைக்க வேண்டாம், புளியோ அசிட்டோ ஊற்ற வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும்போது ஒரு படம் எடுத்து, பெயரையும் திகதியையும் கொப்பியில் எழுதி வையுங்கள்.”

குறுணலுக்கு மறுப்பு இருந்தால் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகு தாள் அச்சுக்குப் போய்விடும்.