ஓபோவில் கீழ் ஸ்வரம் உடைகிறது: ரீடா, வாத்தியமா?

கேள்வி: என் ஓபோ (நாகஸ்வரம்போல் சீவாளி வைத்து ஊதும் மேற்கத்திய வாத்தியம்) மேல் ஸ்வரங்களில் சுத்தமாகப் பேசுகிறது. கீழே டி, சி ஸ்வரங்கள் வந்தால் கரகரக்கிறது. அமெரிக்க பாணி ரீடு (சீவாளி), மொத்த நீளம் 70 மி.மீ.; அதன் அடிக்குழாயான ஸ்டேபிள் 47 மி.மீ. எங்கே ஆரம்பிப்பது?

பதில் 1: ரீடை 2 நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, நூல்கட்டு வரை வாய்க்குள் விட்டுத் தனியாக ஊதுங்கள். காக்கை கரைவதுபோல் இரு ஸ்தாயியில் ‘சி’ கேட்டால் நல்ல ரீடு. வெறும் கீச்சொலி என்றால் ரீடின் பின்பகுதி (நூல்கட்டுப் பக்கம்) தடிப்பு. அங்கே லேசாகச் சீவுங்கள். நுனியைத் தொட்டால் போச்சு!

பதில் 2: ரீடு தேறிவிட்டால் பெரும்பாலும் வாத்தியத்தில் காற்றுக்கசிவுதான். மேல்பாகத்தைக் கழற்றி, துளைகளை மூடி, அடிவாயை விரலால் அடைத்து உறிஞ்சுங்கள். இழுப்பு சில விநாடி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சிகரெட் தாள் கீற்றை ஒவ்வொரு பேடின் (துளையை மூடும் மெத்தை) அடியிலும் வைத்து, பேடை மூடி, தாளை இழுங்கள். தாள் தளர்ந்து வரும் பேடே திருடன்.

பதில் 1: பேடுகளைச் சரிசெய்யும் திருகாணியைத் தொட்டால் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பும்முன் பழைய நிலையைக் குறித்துவையுங்கள்.