வெள்ளியங்கிரியில் எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியது போல இருக்கிறது, லென்ஸில் பூஞ்சையா?

மூங்கில்தடி:
போன வாரம் வெள்ளியங்கிரி ஏறினோம். அடிவாரமான பூண்டியில் இரவு எட்டரைக்குக் கிளம்பி உச்சியான ஏழாவது மலைக்குப் போய்ச் சேர விடிகாலை மூன்று மணி ஆகிவிட்டது. ட்ரைபாடையும் சுமந்துகொண்டு ஏறியதில் தோள் இன்னும் வலிக்கிறது, அது வேறு கதை. ஆளைத் தள்ளுகிற காற்று அன்றைக்கு இல்லை, வானத்தில் பொட்டு மேகம் கிடையாது. சரி, நட்சத்திரம் எடுக்கலாம் என்று மூன்றரைக்கே கேமராவை ட்ரைபாடில் ஏற்றி, விடியும்வரை அப்படியே விட்டுவிட்டேன்.

சூரியன் வருகிற நேரத்தில் எடுத்த நாற்பது படமும் வீண். மலை மடிப்புகள் கண்ணுக்கு அடுக்கடுக்காக நீலமாகத் தெரிந்தன, படத்தில் வெறும் வெள்ளைப் புகை. ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. கிட் லென்ஸ், அதன் முன்னால் திருகிய யூவி ஃபில்டர் கண்ணாடி, லென்ஸ் துளை எஃப்/22 (மிகச் சிறியது). கடையில் காட்டினேன், பூஞ்சை, பிரித்துச் சுத்தம் செய்ய 3,500 ரூபாய் என்கிறார்கள். கொடுக்கலாமா?

எஃப்2பைத்தியம்:
கிட் லென்ஸ் என்றால் அவ்வளவுதான் ப்ரோ. அதற்குச் செலவு செய்யாமல் நல்ல வைடு லென்ஸ் ஒன்று வாங்குங்க.

பழைய_ஃபிலிம்காரன்:
தம்பி, பணம் கட்டாதீங்க. புது லென்ஸும் வேண்டாம். படங்களை நேர வரிசையில் போட்டுப் பாருங்க. முதல் நட்சத்திரப் படம் எப்படி இருக்கிறது? ஐந்து மணிப் படம்? வெயில் ஏறிய பிறகு?

மூங்கில்தடி:
அண்ணா, இதை நான் கவனிக்கவே இல்லை. 3:40க்கு நட்சத்திரம் ஊசி முனை மாதிரி இருக்கிறது. 4:30க்குக் கொஞ்சம் பருத்திருக்கிறது. 5:20க்குப் பஞ்சு, கீழே கோவைப் பக்கத்து விளக்குகளைச் சுற்றியும் வட்டம். எட்டு மணிக்கு மேல் சூரியனுக்கு முதுகு காட்டி எடுத்தவை நன்றாகவே இருக்கின்றன. சூரியனைப் பார்த்து எடுத்தால் மட்டும் கோடு கோடாக வெளிச்சம் இழுக்கிறது.

பழைய_ஃபிலிம்காரன்:
அப்படியானால் பனி. பூஞ்சை ஒன்றரை மணி நேரத்தில் முளைத்து எட்டு மணிக்கு இறங்கிப் போய்விடாது. மேகமில்லாத வானத்தைப் பார்த்தபடி நிற்கிற கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கே விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடச் சில்லிட்டுப் போகும், ஈரம் அதன் மேல் வந்து படியும். வெட்டவெளியில் நிறுத்திய பைக் சீட் காலையில் நனைந்திருக்கும், மரத்தடி வண்டியில் அவ்வளவு இருக்காது இல்லையா, அதே கணக்கு. காற்றில்லாத இரவில் இன்னும் மோசம்.

லென்ஸ் முனையில் மாட்டுகிற ஹூட் என்ற வளையத்தைப் போடுங்க, கொஞ்ச நேரம் தாங்கும். எடுக்காத நேரத்தில் உலர்ந்த துணியைக் குடை மாதிரி மேலே போர்த்துங்க. நன்றாக வேலை செய்வது ஹேண்ட் வார்மர்தான் (கையைச் சூடாக்குகிற சின்னப் பை), சாக்ஸின் பாதத்தை வெட்டிவிட்டு அந்தக் குழாய்க்குள் வைத்து லென்ஸைச் சுற்றி மாட்டினால் கண்ணாடி சில்லிடாது. ஜாக்கெட்டுக்குள் மட்டும் வைக்காதீங்க, ஏறி வந்த வியர்வை எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கோடுகள்தான் இடிக்கிறது. லென்ஸை எதால் துடைத்தீங்க?

மூங்கில்தடி:
கழுத்தில் கிடந்த துண்டால்.

பழைய_ஃபிலிம்காரன்:
திருநீறு பூசிய நெற்றியைத் துடைத்த துண்டா?

மூங்கில்தடி:
ஆமாம் அண்ணா.

பழைய_ஃபிலிம்காரன்:
ஃபில்டரைக் கழற்றிவிட்டு ராத்திரி ஒரு தெருவிளக்கை எடுத்துப் பாருங்க. அப்புறம் பேசுவோம்.

மலையேறி_அக்கா:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், அந்த எஃப்/22ஐயும் விட்டுவிடுங்க. துளை அவ்வளவு சிறியதானால் ஒளி அதன் ஓரத்தில் விரிந்து, லென்ஸ் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் படம் மொத்தமும் லேசாகக் குழையும். 18 மி.மீட்டரில் எஃப்/8 வைத்து இரண்டரை மீட்டர் தள்ளியுள்ள பாறையில் ஃபோகஸ் செய்தால் ஒன்றரை மீட்டரிலிருந்து தொடுவானம் வரை தெளிவாக வரும். ட்ரைபாடில் இருக்கும்போது கை நடுக்கத்தைச் சரிசெய்கிற ஸ்டெபிலைசரையும் அணைத்துவிடுங்க. நான் இப்போதெல்லாம் ட்ரைபாடே கொண்டு போவதில்லை, ஏறுவதற்கு வாங்குகிற மூங்கில் தடியில் கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் விடிந்த பிறகு அதுவே போதும்.

மூங்கில்தடி:
மொட்டை மாடியிலிருந்து தெருவிளக்கை எடுத்தேன். ஃபில்டரோடு எடுத்தால் அதே கோடு, கழற்றினால் படம் பளிச். மொபைல் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தால் ஃபில்டர் முழுக்க முடி மாதிரி கீறல். லென்ஸில் ஒன்றுமில்லை, எஃப்/8இல் எதிர்வீட்டுக் கம்பி வலைகூட எண்ணலாம் போலிருக்கிறது. 3,500 மிச்சம். மே மாதத்துக்குள் இன்னொரு முறை ஏறுகிறோம், சாக்ஸை வெட்டியாயிற்று. துண்டு நெற்றிக்கு மட்டும்.