புதுப்பிப்பு: கள்ள பில் விஷயம்

திருகோணமலையில் நான் வேலை செய்யும் கடையில் உள்ளதைவிடக் கணக்கைக் கூட்டிக் காட்டி கள்ள பில் எழுதச் சொல்கிறார்கள், இது தேவன் தரும் சோதனையா என்று போன மாதம் கேட்டிருந்தேன். வேதாகமத்தில் யாக்கோபு 1:13ஐக் காட்டிய அண்ணாவுக்கு நன்றி. தேவன் ஒருவரையும் பொல்லாங்குக்கு இழுப்பதில்லை. இழுப்பது நம் சொந்த இச்சை. எனக்கு அது வாடகைக் காசு.

வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு மூன்று தரமும் பழைய ஏற்பாட்டின் உபாகமத்திலிருந்தே பதில் சொன்னார் (மத்தேயு 4). அதனால் மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை என்ற உபாகமம் 8:3ஐத் துண்டில் எழுதி பில் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். சிமெந்து பில்லில் முதலாளி விரலை வைத்து, "இருபதை இருபத்தஞ்சாக்கு தம்பி" என்றார். கை நடுங்கியது. "ஏலாது ஐயா" என்றேன்.

வேலை போய்விட்டது. இப்போது உப்புவெளியில் மாமாவோடு மீன் ஏற்றுகிறேன். கூலி குறைவுதான், ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறேன். வாடகை இன்னும் பாக்கி, ஜெபியுங்கள்.