கையில பிடிக்கிற வேக்யூம் கிளீனர் இழுக்கவே மாட்டேங்குது, பேட்டரியா பில்டரா?

பூனைவீட்டுக்காரி:

வணக்கம் மக்களே, ஒரு சின்ன சந்தேகம். எங்க வீட்ல சார்ஜ் போட்டு யூஸ் பண்ற சின்ன வேக்யூம் கிளீனர் ஒன்னு இருக்கு, சோபா, மெத்தை, ஸ்லைடிங் ஜன்னல் டிராக் இதுக்கெல்லாம்னு வாங்கினது. புதுசுல சோபா துணியையே கவ்விப் பிடிக்கும், இப்போ என்னடான்னா பூனை முடியக்கூட எடுக்க மாட்டேங்குது, மேல வச்சு தேய்ச்சா முடி உருண்டு உருண்டு அந்தப் பக்கம் போகுதே தவிர உள்ள போகல. ஆன் பண்ணா கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் விட்டு விட்டு துடிக்கும், நின்னுடும். சத்தமும் முன்னாடி மாதிரி இல்ல, கீச்சுனு கத்துது. போதாக்குறைக்கு நாத்தம் வேற, ஈரத்துணி மக்கின மாதிரி, ரூம் முழுக்க அடிக்குது.

வீட்டுக்காரர் பேட்டரி போயிடுச்சுங்கறார். சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணா, மெஷினைப் பாக்காமலே பேட்டரி மாத்தணும், அதுக்கு புதுசே வாங்கிடலாம்னுட்டாங்க. பில்டர்ல பிரச்சனை இருக்காதுன்னு நினைக்கிறேன், ஏன்னா எங்க மாமியார் அதை வாரா வாரம் சோப்புத்தண்ணில ஊறவச்சு, பிரஷ் போட்டு தேய்ச்சு பளிச்சுனு வச்சிருக்காங்க. இது நிஜமாவே பேட்டரிதானா? வீட்லயே ஏதாவது பாக்க முடியுமா?

மொட்டைமாடி வாசு:

தொடப்பக்கட்டைக்கு சார்ஜ் தேவையில்ல, பில்டர் தேவையில்ல, நாத்தமும் அடிக்காது. சொல்லிட்டேன் 😄

ஸ்க்ரூடிரைவர் செல்வம்:

அக்கா, புதுசு வாங்காதீங்க. நான் கோயமுத்தூர்ல மிக்ஸி, வேக்யூம், அயர்ன்பாக்ஸ் எல்லாம் ரிப்பேர் பாக்கறவன். நீங்க எழுதினதுல முக்கியமானதே அந்தக் கீச்சு சத்தம்தானுங்க.

பேட்டரி வீக்கானா மோட்டார் சத்தம் இறங்கும். ஃபுல் சார்ஜ் போட்டு எடுத்ததும் நல்லா இழுக்கும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா சுருதி கொறைஞ்சு தொய்ஞ்சு போய் நிக்கும். உங்களுக்கு அப்படி இல்ல, ஆன் பண்ணின உடனேயே இழுக்கல, சத்தம் மட்டும் ஏறுது. அப்படின்னா உள்ள காத்து வர வழி அடைச்சிருக்குன்னு அர்த்தம், ஏன்னா காத்தை இழுத்துத் தள்றதுதான் அந்த ஃபேனுக்கு சுமையே, காத்தே வரலைன்னா சுமை இல்லாம மோட்டார் இன்னும் வேகமா சுத்தும், அதான் கத்துது. சந்தேகம்னா நல்ல நிலைமைல இருக்கற வேக்யூம் ஒன்னை ஆன் பண்ணி வாயை உள்ளங்கையால ஒரு செகண்ட் மூடிப் பாருங்க, இதே சத்தம் வரும். விட்டு விட்டு துடிக்கறதும் நிறைய மாடல்ல அடைப்பு இருக்குன்னு மெஷினே சொல்ற சிக்னல்தான். அந்த மோட்டாரை கூல் பண்றதும் அதே காத்துதானுங்க, காத்து வரலைன்னா சூடாகி தன்னால கட் ஆகும்.

எங்க அடைப்புன்னு கண்டுபிடிக்க ஒரு வழி. சார்ஜர்ல இருந்து எடுத்துடுங்க, தூசி டப்பாவை கொட்டி துடைச்சு காலியா வச்சுக்கங்க, பில்டரைக் கழட்டிட்டு சும்மா ரெண்டு மூணு செகண்ட் மட்டும் ஆன் பண்ணிப் பாருங்க. எதையும் இழுக்க விடாதீங்க, பில்டர் இல்லாம தூசி போனா நேரா மோட்டார் பேரிங்குக்குத்தான் போகும். அந்த ரெண்டு செகண்ட்ல இழுவை திரும்பி வந்தா வில்லன் பில்டர். வரலைன்னா வாய்ல இருந்து டப்பா வரைக்கும் போற கழுத்துல ஏதோ மாட்டியிருக்கு. டார்ச் அடிச்சுப் பாருங்க, அந்தக் கழுத்துல ஒரு ரப்பர் மூடி மாதிரி ஆடிட்டிருக்கும், தூசி திரும்பி வெளிய கொட்டாம இருக்க வச்சிருப்பாங்க, முடி எல்லாம் அதுலதான் போய் சுருண்டு உக்காரும். சமோசா இடுக்கியோ ட்வீசரோ வச்சு எடுங்க, இரும்புக் கம்பி விட்டு ரப்பரைக் கிழிச்சுடாதீங்க.

ராணி_மாடித்தோட்டம்:

நாத்தத்துக்கு நான் சொல்றேன். உங்க மாமியார் கழுவறது தப்பில்ல, ஆனா காயறதுக்குள்ள மாட்டிடறீங்கன்னு நினைக்கிறேன்பா. மடிப்பு மடிப்பா இருக்கற அந்த பில்டர் மேல தொட்டுப் பாத்தா காஞ்ச மாதிரி இருக்கும், மடிப்போட அடில ஈரம் அப்படியே நிக்கும். அந்த ஈரத்துல பூனை முடி, தோல் பொடி, சாப்பாட்டுத் தூள் எல்லாம் ஒட்டி பூஞ்சை பிடிச்சா நாத்தம் வராம என்ன பண்ணும்? ஈர பில்டர்ல தூசி பட்டா சேறு மாதிரி அப்பிக்கும், அதுக்கப்புறம் கழுவினாலும் போகாது.

பெரும்பாலான கம்பெனி புக்ல 24 மணி நேரமாவது காயவைக்கச் சொல்லியிருப்பாங்க. சென்னைல ஐப்பசி கார்த்திகை மழைல அதுவும் பத்தாது, ரெண்டு நாள் ஃபேனுக்கு அடில வச்சாதான் நம்பலாம். வெயில்ல வடாம் மாதிரி காயப்போடாதீங்க, பிளாஸ்டிக் சட்டம் வளைஞ்சுடும், அப்புறம் ஓரத்துல இடைவெளி விழும். ஹேர் டிரையரும் அதே கதைதான். நிழல், காத்து, பொறுமை. நான் ரெண்டு பில்டர் வச்சிருக்கேன், ஒன்னு காயும்போது ஒன்னு ஓடும், இதுக்கு மேல இதுல பெரிய சூட்சுமம் ஒன்னும் இல்ல.

டப்பாவை மட்டும் சோப்பு போட்டு கழுவிக்கலாம், ஆனா அதையும் முழுசா காயவிடணும்.

டஸ்ட்அலர்ஜி தம்பி:

ஒரு நிமிஷம், கழுவறது தப்பில்லைன்னு பொதுவா சொல்லிட முடியாது. எனக்கு தூசி அலர்ஜி இருக்கறதால இதைப் பத்தி கொஞ்சம் படிச்சு வச்சிருக்கேன். ஹெப்பா பில்டர், அதாவது ரொம்ப நைஸ் தூசியையும் பிடிக்கற பில்டர்னா, சல்லடை மாதிரி ஓட்டையைவிடப் பெருசானதை மட்டும் தடுக்குதுன்னு நினைச்சுக்கறோம், அப்படி இல்ல. ரொம்ப மெல்லிய நூல் இழைங்க குறுக்கும் நெடுக்குமா இருக்கும், துகள்கள் அதுல மோதி ஒட்டிக்கும். 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) அளவுத் துகள்ல 99.97 சதவீதம் பிடிக்கணும்ங்கறது அமெரிக்கக் கணக்கு, ஐரோப்பாவுல ஹெச்13 தரம்னா 99.95. ஆனா சின்ன வேக்யூம்ல வர்ற நிறைய பில்டர்ல "ஹெப்பா டைப்"னு மட்டும்தான் போட்டிருக்கும், அதுக்கு இந்த நம்பர் எதுவும் பொருந்தணும்னு கட்டாயம் இல்ல. இதுல பல பில்டர்ல இழைக்கு மின்னேற்றம் குடுத்து தூசியை ஈர்க்கற மாதிரி செஞ்சிருப்பாங்க, சோப்புத்தண்ணி பட்டா அந்த ஏற்றம் போயிடும். பாக்க வெள்ளை வெளேர்னு இருக்கும், பிடிக்கற சக்தி இருக்காது. பிரஷ் போட்டு தேய்ச்சா இழையே கிழியும். அதனால பளிச்சுனு இருக்குங்கறதை வச்சு நல்ல பில்டர்னு சொல்ல முடியாது அக்கா.

பில்டர் மேலயோ புக்லயோ கழுவலாம்னு போட்டிருந்தா மட்டும் கழுவுங்க, அதுவும் வெறும் பச்சைத் தண்ணி, சுத்தமான பக்கத்துல இருந்து அழுக்குப் பக்கம் தண்ணி வெளிய வர்ற மாதிரி. போடலைன்னா பேப்பர் டைப்னு வச்சுக்கிட்டு குப்பைக்கூடை விளிம்புல மெதுவா தட்டுங்க, பழைய பெயின்ட் பிரஷ்ல மடிப்போட நீளவாக்குல வருடி விடுங்க, போதும். தட்டறதை வெளில போய், மாஸ்க் போட்டுக்கிட்டு. பஞ்சர் கடை ஏர் கன் வச்சு ஊதலாம்னு யூடியூப்ல காட்டறாங்க, அந்த பிரஷர்ல பேப்பர் கிழிஞ்சா கண்ணுக்குக்கூட தெரியாது.

ராணி_மாடித்தோட்டம்:

தம்பி சொல்றது சரிதான், எங்க வீட்டுது கழுவற டைப். சோப்பு நான் போடறதில்ல.

ஸ்க்ரூடிரைவர் செல்வம்:

தம்பி சொன்னதோட இன்னொன்னும் சேத்துக்கறேன். மாத்து பில்டர் வாங்கும்போது ஆன்லைன்ல பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு எடுத்தா அந்த ஓரத்துல இருக்கற ரப்பர் வளையத்தைப் பாருங்க. டூப்ளிகேட்ல அது இருக்காது, இருந்தாலும் சரியா உக்காராது, அந்த சந்து வழியா காத்து போகும், காத்து போற எடத்துல தூசியும் போகும். எங்கிட்ட வர்ற மோட்டார் போன கேஸ்ல பாதிக்கு மேல பிரிச்சா உள்ள ஒரே மாவு. ஆமா மாவுதானுங்க! கோலமாவு, கடலைமாவு, விபூதி, பவுடர், சுவத்துல டிரில் போட்ட சிமென்ட் தூசி, இதெல்லாம் ரொம்ப நைஸ், டப்பாவுல சுழன்று விழாம நேரா பில்டர்ல போய் அப்பும், ஒரே தடவைல பில்டர் அடைச்சுடும். சாமி ரூம்ல ஊதுபத்தி சாம்பலை இழுக்காதீங்க, அடில கங்கு இருந்தா டப்பாவுக்குள்ள முடியும் பஞ்சும் சும்மா இருக்குமா? பிரிண்டர் டோனர் பவுடரும் கூடாது. தண்ணி இழுக்கற மாடல்னு தனியா போட்டிருந்தா ஒழிய ஈரமான எதையும் இழுக்காதீங்க.

உருளை பிரஷ் இருக்கற மாடலா? இருந்தா ரெண்டு ஓரத்துலயும் முடி சுத்தியிருக்கும், பிரஷைக் கழட்டி டெய்லர் தையல் பிரிக்க வச்சிருப்பாரே அந்தக் கொக்கிக் கத்தியால நீளவாக்குல ஒரு கோடு போட்டீங்கன்னா கொத்தா வந்துடும்.

பூனைவீட்டுக்காரி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. செல்வம் அண்ணா சொன்னபடி பாத்தாச்சு. பில்டர் இல்லாம ரெண்டு செகண்ட் போட்டதுல கொஞ்சம் இழுவை கூடுச்சு, முழுசா வரல. டார்ச் அடிச்சுப் பாத்தா அந்த ரப்பர் மூடிக்குப் பின்னாடி பூனை முடி ஒரு உருண்டை, அதுக்குள்ள ஒரு ஸ்டிக்கர் பொட்டு, ஒரு ஹேர்பின், பால்பாக்கெட் மூலையை வெட்டின துண்டு. எல்லாம் எடுத்ததும் பழையபடி கையைக் கவ்வுது! பழைய பில்டர்ல "கழுவக்கூடாது"ன்னு படமே போட்டிருக்கு, அதுவும் தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சு பாதிதான் தெரியுது. கம்பெனி பில்டர் புதுசு ஆர்டர் போட்டாச்சு, வர்ற வரைக்கும் மெஷினுக்கு லீவு. மாமியார்கிட்ட டப்பா கழுவற டிபார்ட்மென்ட் மட்டும் குடுத்திருக்கோம்.

ஒன்னு மட்டும் பாக்கி, சார்ஜ் முன்ன மாதிரி நிக்கல, இது பேட்டரிதானே? வீட்டுக்காரர் அந்த ஒரு பாயிண்டையாவது ஜெயிக்கணும்னு இருக்கார்.

18650 மணி:

அது பேட்டரியேதான், சாருக்கு ஒரு பாயிண்ட் 😄

இந்த மெஷின்ல பொதுவா 18650 லித்தியம் செல் இருக்கும், 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதான் அந்தப் பேரு. மூணு செல் தொடரா கோத்திருந்தா 11.1 வோல்ட். 120 வாட் மெஷின்னா சுமாரா 11 ஆம்பியர் இழுக்கும், அது சின்ன செல்லுக்கு பெரிய வேலை. இதை ஏன் சொல்றேன்னா கடைல பவர்பேங்க்ல போடற செல்லை வாங்கிப் போட்டு மாத்திக் குடுப்பாங்க, அது அவ்வளவு கரண்ட் குடுக்காது, சூடாகும், சீக்கிரம் கட் ஆகும். அதிக கரண்ட் குடுக்கற செல்தான் வேணும், அதுல எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்னு காட்டற கெப்பாசிட்டி நம்பர் 2000, 2500 எம்ஏஹெச் இந்த ரேஞ்சுலதான் இருக்கும். 9900 எம்ஏஹெச்னு போட்டு விக்கறது சுத்தப் பொய், நல்ல 18650 செல்லே 3500 பக்கம்தான். செல் மேல நேரா சால்டரிங் வச்சு ஒட்டினா உள்ள கெட்டுடும், ஸ்பாட் வெல்டிங் மெஷின் இருக்கற கடைக்குக் குடுங்க. பழைய பேக்ல ஓவர் சார்ஜ், ஷார்ட் ஆனா கட் பண்ற பாதுகாப்பு போர்டும் கூடவே இருக்கணும், அதைத் தூக்கிட்டு நேரா இணைக்கறவர்கிட்ட குடுக்கவே குடுக்காதீங்க.

மாத்தின அப்புறம், ஓட்டி முடிச்ச சூட்டோட சார்ஜ் போடாதீங்க, ஆறட்டும். 45 டிகிரிக்கு மேல சூடான செல்லை சார்ஜ் பண்ணக்கூடாது. முழுசா நின்னு போற வரைக்கும் ஓட்டணும்னு சொல்றது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு, லித்தியத்துக்கு அது கெடுதல். ஊருக்குப் போறீங்கன்னா பாதி சார்ஜ்ல வச்சுட்டுப் போங்க. பின் பொருந்துதேன்னு ரூட்டர் அடாப்டரை மாட்டி சார்ஜ் பண்றவங்க இருக்காங்க, வோல்ட்டேஜ் வேற இருந்தா ஆபத்து.

பழைய செல்லை குப்பைத்தொட்டில போடாதீங்க, வண்டில அமுக்கும்போது நசுங்கி தீப்பிடிக்கும். டெர்மினல் மேல டேப் ஒட்டி ஈ-வேஸ்ட் வாங்கறவங்ககிட்ட குடுங்க.

ஹைவே ஹரி:

இடைல வர்றதுக்கு மன்னிக்கணும், கார்ல லைட்டர் சாக்கெட்ல மாட்டற 12 வோல்ட் வேக்யூம் இருக்கு. அதுல பேட்டரியே இல்ல, ஆனா பாதில சாக்கெட் செத்துடுச்சு, போன் சார்ஜும் ஏறல. மெஷின் போச்சா கார் போச்சா?

18650 மணி:

ரெண்டும் போகல ப்ரோ, ஃப்யூஸ் போயிருக்கும். மெஷின் 120 வாட்னு போட்டிருந்தா 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர், அதையும் போன் சார்ஜரையும் ஒரே சாக்கெட்ல பிரிச்சு மாட்டினா 10 ஆம்பியர் ஃப்யூஸ் தாங்காது. கார் மேனுவல்ல சாக்கெட் ஃப்யூஸ் எதுன்னு பாத்து அதே அளவு மாத்துங்க, பெருசு போட்டா அடுத்து வயர்தான் எரியும். மறுபடி போச்சுன்னா வேக்யூம்ல ஷார்ட் இருக்கான்னு பாருங்க. ரொம்ப நேரம் போடறதுன்னா இன்ஜின் ஓடட்டும், ஆனா மூடின ஷெட்டுக்குள்ள வேணாம்.

மொட்டைமாடி வாசு:

கார்லயும் தொடப்பம் வச்சிருக்கேன், சின்னது. ஃப்யூஸ் கிடையாது.